நாணமானி

திங்கட்கிழமை நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும், ஊர்ப் பொதுநிதியான பைத்துல்மால் அலுவலகத்தில், கடன் கேட்டு வந்தவர்களின் மணிக்கட்டில் நாணமானியை மாட்டுவது என் வேலை. ஊரார் அதை ஷேம்பேண்டு என்பார்கள். மாட்டியவர் வெட்கப்பட்டால் பச்சை விளக்கு எரியும்; எரிந்தால்தான் கடன். வட்டி ஹராம், மார்க்கம் தடுத்தது; அடமானம் வைக்க ஏழையிடம் எதுவுமில்லை. பிறகு எதை நம்பிக் கொடுப்பது? இஸ்லாமிய நுண்கடன் ஆய்வாளர்கள் பல காலம் இதையே மென்றுகொண்டிருந்தார்கள். குழுப் பொறுப்பு, பெண்கள் முன்னேற்றம் என்று அவ்வப்போது ஒரு மோஸ்தர். கடைசியில் நான் எழுதினேன்: வெட்கப்படுகிறவர் கடனைத் திருப்பித் தந்துவிடுவார். உலகமே அதை மேற்கோள் காட்டியது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று மைமூன் லாத்தா வந்தார், தெருவுக்கே அக்கா. தேங்காய்ப்பால் ஊற்றித் தொதல் அல்வா கிண்டி விற்பவர். தோள்பட்டை போய்விட்டது, கிண்டும் மிஷின் வாங்கினால்தான் பிழைப்பு ஓடும்.

"கண்ண மூடிக்கிங்க லாத்தா. கடனக் கட்ட முடியல, தெருவே பாக்குதுன்னு நெனச்சுக்கிங்க. எப்படி இருக்கு?"

"கொஞ்சம் பொறுங்கன்னு நானே போய்ச் சொல்லுவேன். கஷ்டம் வந்தா வெக்கம் எதுக்கு புள்ள? ஏமாத்துறவன்ல வெக்கப்படணும்!"

விளக்கு எரியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டும் எரியவில்லை. அவருக்கு முன்னால் வந்தவன், போன கடனையே இழுத்தடித்தவன், தலையைத் தொங்கப்போட்டு நின்று பச்சை விளக்கு வாங்கிப் போயிருந்தான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "விடுங்க லாத்தா. ஜகாத் வாங்குறவங்கள்ல உங்களயும் சேத்துடறேன். திருப்பித் தரவே வேணாம்" என்றேன். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு எனக்கு.

அவர் முகம் செத்துவிட்டது. தோள் நன்றாக இருந்தவரை ரமலான்தோறும் ஏழைகளுக்கு ஜகாத் கொடுத்தவர் அவர்.

"நானா? ஜகாத் வாங்கவா?" முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நாணமானி பளிச்சென்று பச்சையில் எரிந்தது. "கடன் வழங்கப்பட்டது. வாழ்த்துகள்" என்றது இனிமையான குரலில்.

சீ! எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "மன்னிச்சிருங்க லாத்தா."

அவர் பேண்டைக் கழற்றி மேசையில் வைத்தார். "மிஷினு வேணும், கடன வாங்கிக்கிறேன். இப்புடிக் குனிய வச்சித்தான் தருவீங்கன்னா வாசல்லயே சொல்லிருக்கலாமே, ஜுவைரியா." என்னைப் பார்க்காமலே போனார்.

நான் தலை நிமிர்வதற்குள் மேசைக் கணினியின் திரையில் எழுத்துகள் ஓடின. 'புதிய ஆய்வுப் போக்கு: ஜகாத் தருவதாகச் சொன்னால் நாணம் கூடுகிறது. இனி எல்லா விண்ணப்பதாரர்களிடமும் முதலில் இதையே கூறவும். கண்டறிந்தவர்: முனைவர் ஜுவைரியா.'

அடுத்த பெண் சலாம் சொல்லிவிட்டு, சிரித்தபடி கையை நீட்டினாள்.