கருவிழி இறுகிய நேரம்

வீல்ல்ல்...!

முதல் நோயாளியை அழைத்து வந்த லேப் டெக்னீஷியனின் அலறல் மூன்று மாடிக்கும் கேட்டது.

பேராசிரியர் கண் சோதிக்கும் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். தாடை, அதற்கான தட்டில். நெற்றியில் பட்டை. கண்கள் திறந்தபடி. பக்கத்தில் காலி காபிக் கோப்பை.

பிணம்!

வகுப்பு முடித்து வந்த துணைப் பேராசிரியர் உதட்டைச் சுழித்தார். 'செத்தும் இந்த டப்பாவை விடமாட்டேங்கறான் கிழவன்!'

தினமும் நோயாளிகள் வருவதற்கு முன்பே தன் கண்ணைக் காட்டி மெஷினைச் சோதிப்பது கிழவனின் வழக்கம். கிறுக்கு!

போகட்டும். இன்று மதியம் இந்த மெஷின் பற்றிய கட்டுரை பத்திரிகைக்குப் போகிறது. கிழவன் பெயர் இல்லாமல், தன் பெயரில் மட்டும்.

இன்ஸ்பெக்டர் தொப்பையும் தூக்கமுமாக வந்தார். காபிக் கோப்பையை முகர்ந்தார். விஷ நெடி.

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"ஒன்பது மணிக்கு. நல்லா பேசிட்டிருந்தார். அப்புறம் எனக்கு கிளாஸ். அறுபது பசங்க சாட்சி."

"இது என்ன மெஷின்?"

"சொன்னா உங்களுக்குப் புரியாது."

"மெதுவா சொல்லுங்க. மரமண்டைதான்."

"லேசர் கண்ணுல பட்டு சிதறித் திரும்பும். திரும்பற வெளிச்சத்தோட நிறம் துளி மாறியிருக்கும். அதை வெச்சு கருவிழி எவ்வளவு இறுக்கம்னு தொடாமலே அளக்கலாம். என் கண்டுபிடிப்பு!"

"தப்பா காட்டுமா?"

"சான்ஸே இல்ல. கட்டுரையில அடிச்சு எழுதியிருக்கேன்!"

"சார்..." டெக்னீஷியன் மூக்கை உறிஞ்சினாள். அவளுக்குத் துணைப் பேராசிரியர் வைத்த பெயர் துடைப்பம். "மெஷின் இன்னும் ஓடிட்டுதான் இருக்கு..."

"ஸ்கிரீன் இருட்டா இருக்கே, துடைப்பம்!"

"ஸ்கிரீன் தானா அணைஞ்சிடும். மெஷின் அணையாது. ஒருநாளாவது நீங்க இதுல வேலை பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்!"

மவுஸை அசைத்தாள். ஒரு கோடு விரிந்தது.

"எட்டு இருபது வரைக்கும் கோடு சமமா போகுது. நடுநடுவுல வெட்டு... அது கண் சிமிட்டினது. அப்புறம் ஒரு வெட்டு கூட இல்ல. சிமிட்டாத கண் காயும். காயக் காய இறுகும். பாருங்க... கோடு ஏறிட்டே இருக்கு!"

இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார்.

"அப்ப ஒன்பது மணிக்கு உங்களோட பேசினது யாரு சார்? பிணமா?"

"அது... மெஷின் பொய் சொல்லுது!"

"அப்படியா? இந்தாங்க பேனா. 'மெஷின் உதவாது, என் கட்டுரை புளுகு'ன்னு ஒரு வரி எழுதுங்க. நானும் வேற ஆளைத் தேடறேன்."

பேனாவை வாங்கினார். காகிதத்தைப் பார்த்தார். பெயர்... புகழ்... மேடை...

ஒரு எழுத்துகூட விழவில்லை!

"மெஷின்... தப்பாது," என்றார் கரகரப்பாக.

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"மன்னிக்கணும் சார். எங்க மெஷின் ரொம்பப் பழசு. தொடாம மாட்ட வராது!"