ஒன்று இருபதுக்குப் பிறந்த பிள்ளை

சனிக்கிழமை பின்னேரம் ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் உள்ள சிவபாதத்தின் பதினோராம் மாடி வீட்டுக்கு இராஜரட்ணம் வந்தார். எழுபத்திரண்டு வயதிலும் நிமிர்ந்தே நடப்பவர். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை. கோட்டின் உள்பையிலிருந்து இரண்டு சாதகக் குறிப்புகளை எடுத்து மேசையில் அருகருகே வைத்தார்.

"இது என்ர மகள் துர்க்காவின்ர சாதகம். நான் குடுத்து எழுதுவிச்சது. உது மாப்பிள்ளை வீட்டுக்கு ஆரோ தபாலில அனுப்பினது. கள்ளச் சாதகம். அனுப்பினது ஆர் எண்டு நீர் கண்டுபிடிக்க வேணும்."

சிவபாதம் காப்புறுதி நிறுவனமொன்றில் இருபத்தைந்து வருடம் விபத்துகளை விசாரித்து ஓய்வு பெற்றவர், எதிலும் அவசரப்படாதவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் படித்தார். டாக்சி ஓடும் அவருடைய கூட்டாளி வாகீசன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அண்ணை, இரண்டிலும் ஒரே திகதி! எண்பத்தெட்டு, ஒக்டோபர் முப்பது. ஒரே ஊர், ரொறன்ரோ. ஒரே நேரம், விடியப்புறம் ஒண்டு இருபது. பிறகேன் கட்டம் வேற வேறயாக் கிடக்கு?"

"அதைத்தானே நானும் கேக்கிறன்," என்றார் இராஜரட்ணம். "நான் எழுதுவிச்சதில ஒரு குறையும் இல்லை. உதில லக்கினம் மாறி, செவ்வாய் எட்டில நிக்குது. அது புருஷன்ர உயிருக்கு ஆகாது எண்டு மாப்பிள்ளை துஷாந்தின்ர தாய் பயந்திட்டா. நாங்கள் மறைச்சுக் குடுத்தம் எண்டு அவை இருக்கிற அஜக்ஸ் ஊர் முழுக்கக் கதை. உது பொய்யெண்டு நீர் காட்டினால் நாளைக்கே திரும்பப் பேசலாம்."

துர்க்காவுக்கு முப்பத்தேழு வயது. பேசி வந்த சம்பந்தங்களில் இது ஆறாவது. அவளே விரும்பி ஓமென்று சொன்னது இது ஒன்றுக்குத்தான்.

"பிறந்த நேரம் சரிதானே?"

"ஆஸ்பத்திரிக் கடுதாசியில கிடக்கு. நானும் நிண்டனான். அப்ப எனக்குப் பாண் பேக்கரியில இரவு வேலை. இடைவேளைக்கு ஒரு மணி அடிக்க டெலிபோன் வந்தது. ஆஸ்பத்திரிக்கு டாக்சியில நாற்பது நிமிஷம். வெளி வாங்கில கன நேரம் இருந்தன். பிள்ளையின்ர முதல் அழுகை கேட்டது. அடுத்த நிமிஷம் நேர்ஸ் வந்து பெண்பிள்ளை எண்டா. நான் பொய் சொல்லிப் பழக்கமில்லை."

"தெரியும் அண்ணை. நாளைக்குக் காலமை வீட்டுக்கு வாறம்."

அவர் போனதும் வாகீசன் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "முந்தி இந்தப் பொம்பிளையைக் கேட்டுக் கிடைக்காத ஆரோ செய்த வேலை."

"உமக்கு உலகத்தில எல்லாரும் கள்ளர்," என்றார் சிவபாதம்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்ன வாகீசன் எட்டு மணிக்கே கதவைத் தட்டினார்.

"குளிர்காலத்துக்கெண்டு இரவு மணியை ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போட்டாச்சு. காரில மாத்தேல்லையோ?" என்றார் சிவபாதம்.

வாகீசன் தலையில் அடித்துக்கொண்டார். "போன் தானா மாறும். என்ர கார்க் கிழவன் மாறமாட்டான் அண்ணை. போன ஒரு மணித்தியாலம் திரும்ப வருது, தேத்தண்ணியாவது தாருங்கோ."

கேத்தலை எடுத்த சிவபாதத்தின் கை நின்றது. "எண்பத்தெட்டு ஒக்டோபர் முப்பது என்ன கிழமை எண்டு பாரும்."

வாகீசன் போனைத் தட்டினார். "ஞாயிறு. மாதத்தில கடைசி ஞாயிறு."

"அந்தக் காலத்தில மணியைப் பின்னுக்குப் போட்டது அந்த ஞாயிறுதான்," என்றார் சிவபாதம். புதிர் அவிழ்ந்த மகிழ்ச்சி அவர் முகத்தில் இல்லை.

வெக்ஸ்போர்ட்டில் இராஜரட்ணத்தின் வீட்டுக் கதவைத் திறந்த துர்க்கா, "ஆர் அங்கிள் அனுப்பினது?" என்றுதான் முதலில் கேட்டாள். அவளுடைய தாய் ரதி ஒன்றும் கேட்கவில்லை. தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்.

"இரண்டு சாதகத்திலும் கணக்குப் பிழை இல்லை," என்று தொடங்கினார் சிவபாதம். "அண்டைக்கு இரவு இரண்டு மணியானதும் மணிக்கூட்டைத் திரும்ப ஒரு மணிக்கு வைச்சவை. ஒண்டு இருபது இரண்டு தரம் வந்தது. உங்கட சாதகம் முதல் வந்ததுக்கு, மற்றது பிறகு வந்ததுக்கு."

"பிள்ளை பிறந்தது முதல் வந்ததுக்குத்தான்," என்றார் இராஜரட்ணம்.

"ஒரு மணிக்கு டெலிபோன் வந்தது எண்டனீங்கள். நாற்பது நிமிஷ ஓட்டம். நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வரேக்க ஒண்டு நாற்பது. முதல் ஒண்டு இருபது நீங்கள் டாக்சியில இருக்கேக்கையே போயிட்டுது. முதல் அழுகையைக் கேட்டனீங்கள் எண்டால், அது இரண்டாவதுதான்."

"பேக்கரியில அடிச்சது மணி மாத்தின பிறகு வந்த ஒரு மணியெண்டால்?" என்றார் வாகீசன்.

"அப்ப அண்ணை வந்து சேர முதலே பிள்ளை பிறந்து இருபது நிமிஷம். முதல் அழுகையைக் கேட்டிருக்கேலாது."

இராஜரட்ணம் முதல் தடவையாகக் கதிரையின் சாய்வைப் பிடித்தார். "அப்ப அனுப்பினது ஆர்?"

"இரண்டாவது ஒண்டு இருபது எண்டு சாத்திரியாருக்குச் சொல்ல, பிறக்கேக்க அந்த அறைக்குள்ள இருந்த ஒராளாலதான் ஏலும். அனுப்பினது ஆரெண்டு இந்த வீட்டில கேக்காததும் ஒராள்தான்." சிவபாதம் யாரையும் பார்க்கவில்லை.

"நான்தான் அனுப்பினனான்," என்றார் ரதி. "நேர்ஸ் கதிரையில ஏறி நிண்டு மணிக்கூட்டைத் திருப்பினா. அதுக்குப் பிறகுதான் இவள் பிறந்தவள். இவரிட்ட அப்பவே சொன்னன். பிள்ளைப்பேற்று மயக்கமாம்! சாத்திரியாருக்குத் தானே நேரம் சொல்லி எழுதுவிச்சார்."

"முப்பத்தேழு வருஷம் பேசாமல் இருந்திட்டு இப்பவோ அம்மா?" என்றாள் துர்க்கா.

"வந்த ஐஞ்சு சம்பந்தத்தையும் நீ வேண்டாமெண்டாய். இதுக்கு ஓமெண்டாய். துஷாந்தின்ர தாய்க்கு அவன் ஒரே பிள்ளை. ஐமிச்சத்தில நான் வேற சாத்திரியாரிட்டப் போனன். எட்டில செவ்வாய் எண்டு தெரிஞ்ச பிறகும் இன்னொரு தாயை எப்பிடி ஏமாத்திறது?"

துர்க்கா சிவபாதத்தின் பக்கம் திரும்பினாள். "அங்கிள், நாங்க ரெண்டுபேரும் இதெல்லாம் நம்பிறேல்ல. அவர்ர அம்மாதான் பயப்பிடுறா. மற்றது ஃபேக் எண்டு நீங்க ஒரு வார்த்தை சொன்னா காணும். ப்ளீஸ்."

சிவபாதம் கண்ணாடியைக் கழற்றினார். "ஏலாது பிள்ளை."

அவள் தகப்பனைப் பார்த்தாள்.  இராஜரட்ணம் சட்டைப் பொத்தான்களைச் சரிசெய்துகொண்டு துஷாந்தின் வீட்டுக்குப் போன் எடுத்தார்.

"வணக்கம், இராஜரட்ணம் பேசிறன். உங்களுக்குத் தபாலில வந்த சாதகம்தான் சரியானது. பிழை என்ரது. என்ர வீட்டில ஆரும் மறைக்கேல்லை. நான்தான் பிழையான நேரம் குடுத்தனான்."

மறுமுனையில் ஒரு பெண்குரல் சுருக்கமாக ஏதோ சொன்னது.

"ஓம். விளங்குது," என்று அவர் போனை வைத்தார்.

துர்க்கா எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டாள். "எனக்கு வேலைக்கு நேரமாகுது," என்று காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் வேலை செய்யும் பல் மருத்துவமனை ஞாயிற்றுக்கிழமைகளில் திறப்பதில்லை. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அவளை மறிக்கவில்லை.