சௌந்தரபாண்டி எழுதிய கடைசிப் பக்கம்

“ஓய்வுக்கு ஒரு மாசம் இருக்கையில் மணிப்பூர்க் காட்டுக்கா? மனுஷனுக்கு என்ன ஆச்சு?” என்று சென்னை அலுவலகமே சிரித்தது. விமானக் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் தேவசகாயம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேட்டைக்காரர் தாங்போய் ஒரு பள்ளத்தில் உடைந்த டகோட்டாவைக் கண்டிருந்தார். வால் எண்ணைப் பார்த்தால், 1944 போரில் தேவசகாயம் ஓட்டி, விழும்போது பாராசூட்டில் குதித்துத் தப்பிய அதே விமானம்!

கூடவே கிளம்பினாள் விருதுநகர் டீச்சர் கனகவல்லி. அந்த விமானத்தின் மெக்கானிக் சௌந்தரபாண்டி அவளுடைய அப்பா. விபத்தில் இறந்தவர் மீதே “கவனக்குறைவு” என்று பழியும் விழுந்திருந்தது. அது உண்மைதானா? அவளுக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

அட்டைகள் கடித்தன, மழை விடவில்லை. தேவசகாயத்துக்கோ மலையேறும்போதெல்லாம் பழைய நினைப்பு. “பறந்துகிட்டே, கீழே இருக்கிற சிப்பாய்ங்களுக்கு அரிசி மூட்டையைக் கதவு வழியா உதைச்சுத் தள்ளுவோம். உங்கப்பா பாடிக்கிட்டே தள்ளுவார்மா!” போருக்குப் பிறகு, இரண்டே டகோட்டாவோடு கம்பெனி தொடங்கிய நாட்களில் பயணிகளை அரிசிமண்டித் தராசில் நிறுத்து ஏற்றிய கதையையும் சொன்னார். எவ்வளவு இனிமையான காலம்!

“கயிறு! கெட்டியாப் பிடிங்க!” என்று தாங்போய் இந்தியில் கத்தினார். மூவரும் பள்ளத்தில் சறுக்கி இறங்கினார்கள். கொடிகளுக்குள் விமானம் கிடந்தது. இருக்கைக்கு அடியில், மெழுகு வைத்து மூடிய ரொட்டி டின்!

கனகவல்லி அதை எடுத்தாள். தேவசகாயத்தின் முகம் வெளுத்தது.

“திறக்கிறதுக்கு முன்னாடி கேளும்மா. உங்கப்பா பழுது நோட்டை மழை படாம இதுலதான் வைப்பார். மெக்கானிக் பழுதை எழுதுவார், பைலட் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடணும். அன்னிக்கு முன்வரிசைச் சிப்பாய்ங்க பட்டினி. அவசரத்துல நான் படிக்காமலே போட்டேன். படிச்சிட்டேன்னு நம்பி உங்கப்பாவும் ஏறினார். விசாரணையில அதைச் சொல்ல தைரியம் வரலை.”

உள்ளே நோட்டுப் புத்தகம் உலர்ந்தே இருந்தது. கடைசிப் பக்கத்தில் அப்பாவின் எழுத்து: ‘இடது என்ஜினில் எண்ணெய்க் கசிவு. பறக்கக் கூடாது.’ கீழே தேவசகாயத்தின் கையெழுத்து.

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“எங்கிட்டச் சொன்னது பத்தாது சார். அம்மா உசுரோட இருக்காங்க.”

குண்டுமழையில் பறந்த மனிதருக்கு விருதுநகரில் அந்தச் சின்ன வீட்டு வாசலைத் தாண்டக் கால் வரவில்லை. எப்படியோ தாண்டினார். அந்த அம்மாள் எதிரில் நின்று, நடந்ததைச் சொல்லி, பக்கத்தை வாசித்தார்.

அந்த அம்மாள் எழுந்து போய் ஜன்னல்களை எல்லாம் அகலத் திறந்துவிட்டு வந்தார்.

“இன்னொரு தடவை வாசிங்க,” என்றார். “சத்தமா. தெருவுக்கும் கேக்கட்டும்.”