விரல் சொன்ன பொய்

மாலை ஐந்தேகால் மணிக்குப் பழச்சாறு கடைக்காரரைக் கல்லாவுக்கு அடியில் சுருண்டு கிடக்கக் கண்டார்கள். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் இரத்தத்தைப் பரிசோதித்தபோது சர்க்கரை வெறும் முப்பத்தொன்று. இன்சுலின் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது என்றார் டாக்டர்.

ஊசி போட்டது மருமகள்.

"கொல்லத்தான் பாத்திருக்காங்க" என்றாள் கடைக்காரரின் மகள். "கடையை அண்ணன் பேருக்கு எழுத மாட்டேன்னு அப்பா சொன்னதிலிருந்து அண்ணிக்கு முகமே சரியில்லை."

பெண் இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரி வராந்தா நாற்காலியில் சாய்ந்தார். இரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை. அவருக்கும் சர்க்கரை உண்டு. வேளைக்குச் சாப்பிடச் சொல்லிச் சொல்லி வீட்டில் அலுத்துவிட்டார்கள். இப்போது மருமகளை ஜீப்பில் ஏற்றுவதா, வேண்டாமா? அதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

"எவ்வளவு போட்டீங்க?" என்றார் மருமகளிடம்.

"நானூறைத் தாண்டினா டாக்டர் கூட்டிப் போடச் சொல்லியிருக்கார், மேடம். சர்க்கரை பாக்கற மெஷின்ல நானூத்திப் பன்னெண்டு."

"யார் பார்த்தது?"

"மாமாவே. மத்தியானம் கடையில பழம் உரிச்சிட்டிருந்தவர், விரல்ல குத்திப் பாத்துட்டு எங்கிட்ட நீட்டினார்."

"அப்புறம் சாப்பிட்டாரா?"

"காலையிலயும் சாப்பிடலை. நான் கொண்டுபோன டப்பாவையும் தொடவே இல்லை. இவ்வளவு ஏறிக் கிடக்கு, சாப்பாடு ஒண்ணுதான் குறைச்சலான்னார். கெஞ்சினேன். வியாபாரத்தைக் கெடுக்காதேன்னு விரட்டிட்டார்."

"காலையிலிருந்து பட்டினி கிடந்தவருக்கு நானூறா?" என்றாள் மகள். "யார் காதுல பூ சுத்தறாங்க?"

கேள்வி நியாயமானதுதான். இன்ஸ்பெக்டர் மெஷினைத் தட்டிப் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு அதில் பதிவாகியிருந்தது. அப்படியானால் மெஷின் கெட்டுவிட்டதா? சோப்புப் போட்டுக் கை கழுவி, தன் விரலையே குத்திக்கொண்டார். நூற்று நாற்பது. ஆஸ்பத்திரி மெஷினும் ஏறக்குறைய அதையே சொன்னது. மெஷின் மேல் தப்பில்லை. மருமகள் மேல்தான் சந்தேகம் இறுகியது. ஆனாலும் இன்ஸ்பெக்டருக்கு ஏதோ உறுத்தியது.

"மேடம், இந்தப் பெட்டியை ஈ விட மாட்டேங்குது" என்று கான்ஸ்டபிள் மெஷின் பெட்டியின் மேல் கையை வீசினார். "என்ன ராசியோ."

இன்ஸ்பெக்டர் பெட்டியைத் தொட்டார். விரல் ஒட்டியது. அசதியோடு எழுந்தார்.

"வாங்க, கடைக்குப் போவோம். நீங்களும்தான்" என்றார் மகளிடம்.

கடையில் பாதி உரித்த ஆரஞ்சுகள் அப்படியே கிடந்தன. இன்ஸ்பெக்டர் ஒன்றை உரித்தார். மேடையோரம் தொங்கிய ஈரத்துணியில் கையைத் துடைத்தார். அதே விரலில் மறுபடி குத்தி, மெஷினை மகளிடம் நீட்டினார்.

"படிங்க."

மகள் குனிந்து படித்தாள். "முந்நூத்தித் தொண்ணூறு."

"அரை மணி நேரத்துக்கு முன்னால நூத்தி நாப்பது. நான் நடுவுல பச்சத் தண்ணிகூடக் குடிக்கலை." இன்ஸ்பெக்டர் துணியை எடுத்துக் காட்டினார். "குற்றவாளி இதான். மேடையைத் துடைக்கிறதும் இதுல, கையைத் துடைக்கிறதும் இதுல. துடைச்சாச்சு, கை சுத்தம்னு உங்க அப்பா நினைச்சுக்கிட்டார். இரத்தத்துல இல்லாத சர்க்கரை பழச்சாறா விரல்ல ஒட்டியிருந்துச்சு. மெஷின் அதையும் சேர்த்துச் சொல்லிடுச்சு. அந்தப் பொய்க்கணக்குக்கு உங்க அண்ணி நிஜ மருந்து போட்டாங்க. போதாததுக்கு அவர் சாப்பாட்டையும் தள்ளிட்டார். சாப்பிட்டிருந்தா இவ்வளவு மோசமா இறங்கியிருக்காது."

"கை கழுவாததுக்கா இவ்வளவு?"

"உயிரே போயிருக்கும்."

அவர்கள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது கடைக்காரர் கண் விழித்திருந்தார், குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. அடிக்கடி சர்க்கரையைப் பார்க்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். இன்ஸ்பெக்டர் கடையில் கண்டதைச் சொல்ல, மருமகள் சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள். ஊசிப் பெட்டியின் பக்கமே அவள் திரும்பவில்லை.

"இனிமே நான் தொட மாட்டேன், மேடம். ஒரு தடவை கொலைகாரின்னு பேர் வாங்கினது போதும்."

மகள் தலையைக் குனிந்தபடி முன்னால் வந்தாள். "நான் பாத்துக்கறேன் அண்ணி. எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

மருமகள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"முதல்ல போய்க் கையைக் கழுவிட்டு வா."