பிரேக் கத்தாத நாள்

அன்று மாலை சிக்னலில் நின்றபோது பிரேக் கத்தவில்லை. தலைவருக்கு முதலில் அது உறைக்கவேயில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிதான், சாப்பாட்டில் உப்பு இல்லாததைக் கண்டுபிடித்தவள் போலத் தலையைத் திருப்பினாள்.

"என்னங்க, சத்தத்தக் காணோம்?"

"நான்தான் சொன்னேன்ல, தானா சரியாயிடும்னு."

தலைவர் என்றால் நாட்டுக்கு அல்ல, அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்துக்கு. இரண்டு முறை போட்டியின்றித் தேர்வானவர். போட்டி போட யாருக்கும் பொழுதில்லை என்பது வேறு விஷயம். வாசலில் 'மெதுவாகச் செல்லவும்' என்று பலகை வைத்தவர் அவர்தான். அதில் 'மெதுவாக' என்பதைவிட அவர் பெயர் பெரிதாக இருந்தது. அவருடைய கார் தினமும் குளித்தது, மெழுகு பூசிக்கொண்டது, சீட்டுக்குப் புது உறை போட்டுக்கொண்டது. வெளியே தெரியாத எதற்கும் செலவு செய்யும் பழக்கம் மட்டும் அவருக்கு இல்லை.

மழைக்காலம் தொடங்கியதிலிருந்தே பிரேக் கத்திக்கொண்டிருந்தது. முதலில் கீச்சென்று, பிறகு தகரத்தைத் தகரத்தால் சுரண்டுவது போல. "நீங்க தெருமுனை திரும்பும்போதே என் தம்பி எழுந்து சட்டையப் போட்டுக்கறான், மாமா வந்துட்டார்னு" என்று மனைவி கேலி செய்தாள். "ஒரு நாள் ஒர்க்‌ஷாப்ல காட்டுங்களேன்." காட்டினால் வண்டியை நிறுத்திக்கொள்வார்கள். தலைவர் பஸ்ஸில் வந்து இறங்குவதைக் காவலாளி பார்ப்பான். அதற்குப் பதிலாக அவர் பாட்டின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

இன்று அதற்கும் வேலையில்லை. மழையின் சலசலப்பும் வைப்பரின் சோம்பலான தேய்ப்பும் மட்டும் கேட்டன. பெடல் மட்டும் கொஞ்சம் மெத்தென்று, நனைந்த தலையணையை மிதிப்பது போல இருந்தது. அழுத்திய பிறகும் அது கொஞ்சம் உள்ளே போய், கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே வந்தது. சூடான இரும்பின் நெடி ஒன்று எங்கிருந்தோ கசிந்து, புதுச் சீட்டுறையின் வாசத்தோடு கலந்து, தொண்டையில் போய் உட்கார்ந்தது.

"ஏதோ கருகுதுங்க."

"முன்னாடி போற லாரி."

முன்னால் லாரி எதுவும் இல்லை.

குடியிருப்பின் வாசலில் மனைவி வழக்கம்போல இறங்கிக்கொண்டாள். கீழ்த்தளத்தில் அவர்கள் வண்டி நிற்கும் இடம் கடைசிச் சுவரை ஒட்டியது; ஒரு பக்கம் தூண், மறுபக்கம் அடுத்த வீட்டுக்காரரின் வண்டி. தலைவர் இரண்டு முறை அந்தத் தூணில் மோதி, தூண் வைத்த இடம் சரியில்லை என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானமே போட்டிருக்கிறார். அதிலிருந்து அவள் படிவழியாக முன்னால் இறங்கிப்போய், சுவரில் முதுகை ஒட்டி நின்று, கையைக் காட்டிக் கூப்பிடுவாள்: "வாங்க… வாங்க… போதும்."

அவள் இறங்கட்டும் என்று காத்திருந்துவிட்டு அவர் வண்டியைச் சரிவில் விட்டார். பாதை சுருண்டு சுருண்டு கீழே போயிற்று. மின்சாரச் சிக்கனம் என்று ஒன்றுவிட்டு ஒன்றாக பல்புகளைக் கழற்றச் சொன்னது அவர்தான். இருட்டு, வெளிச்சம், மறுபடி இருட்டு. ஈர சிமெண்டின் குளிர் கண்ணாடி வழியாக உள்ளே வந்தது.

"வாங்க…" கீழேயிருந்து குரல் எதிரொலித்து ஏறிவந்தது.

பிரேக்கில் கால் வைத்தார். பெடல் இறங்கியது. வண்டி மெதுவாகவில்லை.

"வா…"

தலைவர் வைப்பரை நிறுத்தினார்.

அவள் குரல்தான். ஆனால் கல்யாணமான நாள் முதல் அவள் அவரை 'வா' என்று கூப்பிட்டதில்லை. உச்சகட்டச் சண்டையில்கூட, "எங்கேயாவது நாசமாப் போங்க" என்று மரியாதை குறையாமல்தான் திட்டுவாள். எதிரொலியில் கடைசி எழுத்துகள் விழுந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டார். மறுபடி அழுத்தினார்.

"வா."

காலை எடுத்தார். அமைதி. வண்டி இறங்கிக்கொண்டே இருந்தது, முன்னைவிட வேகமாக. அழுத்தினார்.

"வா."

குரல் கீழேயிருந்துதான் வந்தது. ஆனால் அவ்வளவு கீழேயிருந்து அல்ல.

ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். அது தூங்குகிறவன் கைபோலத் துவண்டு மேலே வந்தது. கியரைத் தேடினார். கை சறுக்கியது.

இடப்பக்கம் சரிவின் சுவர், ஒரு முழத் தூரத்தில் ஓடிவந்தது. ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் ஒடித்தால் போதும். உரசி நின்றுவிடும். கதவு முழுக்கக் கீறல் விழும். காலையில் காவலாளி பார்ப்பான். எதிர்வீட்டுக்காரன் பார்ப்பான். என்ன தலைவரே, இந்தத் தடவை சுவரா நகர்ந்துடுச்சு?

அந்த ஒரு கணம்.

சுவர் முடிந்துவிட்டது.

வண்டி கீழ்த்தளத்தின் நேர்ப்பாதையில் பாய்ந்தது. அவர் இரண்டு கால்களாலும் பெடலை மிதித்தார். அது இறங்கியது. தரை இருக்க வேண்டிய இடத்தையும் தாண்டி இறங்கியது. கணுக்கால் வரை ஏதோ ஈரமாக, வெதுவெதுப்பாக.

"வா. வா. வா."

ஹெட்லைட் வெளிச்சம் கடைசிச் சுவரில் விழுந்தது.

அவள் அங்கே நின்றிருந்தாள். தூணுக்கும் பக்கத்து வண்டிக்கும் நடுவே, முதுகு சுவரில் ஒட்ட, இரண்டு உள்ளங்கைகளையும் அவரை நோக்கி விரித்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டு. அவள் உதடுகள் இறுக மூடியிருந்தன.