மூடிய பதுங்குகுழி

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று நாற்பத்திரண்டு சித்திரையில் மூட்டை முடிச்சோடு ஓடிய மயிலாப்பூர், ஆடியில் அசடு வழியத் திரும்பி வந்தது. ஐரின் டீச்சரும் வந்து சேர்ந்தாள். கடலோரத்தில் தலைமையாசிரியர் வால்டர் சாரின் அப்பா கட்டிய ஆரம்பப் பாடசாலை ஓர் ஓடுகூட உதிராமல் நின்றது. பின்பக்கம் பிள்ளைகளுக்காக வெட்டியிருந்த பதுங்குகுழியை மட்டும் மண் போட்டு மூடியிருந்தார்கள். நாளைக்கு அதன்மேல் புது வகுப்பறைக்குத் தளம் போடுகிறார்களாம்.

"சண்டை இன்னும் முடியலையே. அதுக்குள்ள என்ன அவசரம், பவுல்சாமி?"

வாட்ச்மேன் முகம் கொடுக்கவில்லை. "பெரிய சாரு மூடச் சொன்னாரு, மூடினேன். அத்த இன்னாத்துக்கு நோண்டிக்கினு கீறே, டீச்சரம்மா?"

இரண்டாம் வகுப்பு வேலு மட்டும் திரும்பவில்லை. அவன் அம்மா சுலோச்சனா தினமும் ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து வந்து வாசலில் நின்றாள்.

"ஊரு ஓடுன அன்னிக்கி இங்கதான் வந்தான். இங்கதான் எங்கியோ கீறான்."

கூட்டத்தோடு ரயிலேறியிருப்பான் என்றார் வால்டர் சார். ஐரினுக்கு மனம் ஒப்பவில்லை. பவுல்சாமி அந்த மண்மேட்டில் பொரி வைப்பதை அவள் கண்ணால் பார்த்தாள். காக்காய்க்கு என்றான். ஒரு காக்காயும் அங்கே இறங்கவில்லை. படுபாவி இவன்தான் என்று முடிவே கட்டிவிட்டாள். தளம் விழுந்துவிட்டால் பிறகு யார் தோண்டப்போகிறார்கள்?

மத்தியானம் பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னார்கள். முடித்தார்கள்.

ஒரு குரல் முடிக்கவில்லை.

அது பின்பக்கத்திலிருந்து வந்தது. ஐரின் ஓடிப்போய் மண்மேட்டில் காது வைத்தாள். ஈர மணலும் சாக்கட்டியும் கலந்த வாசனை அடித்தது.

"விசிலு இன்னும் ஊதலியே, டீச்சர்."

நீள விசில் கேட்கிறவரை குழியைவிட்டு எழக்கூடாது என்று பிள்ளைகளுக்குப் பழக்கியவளே அவள்தான். கழுத்தில் தொங்கிய விசிலை வாயில் வைத்தாள். நீளமாக ஊதினாள்.

மண் சரிந்தது.

யாரும் வரவில்லை. ஈரக் காலடிகள் மட்டும் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன, சின்னச் சின்னதாக. பவுல்சாமி சிலுவை போட்டுக்கொண்டு மண்டியிட்டான். காலடிகள் அவனிடம் நிற்கவே இல்லை.

வால்டர் சாரின் அறைக்குள் போயின. கதவு சாத்திக்கொண்டது.

"மண் சரிஞ்சு விழுந்துடுச்சுடா, வேலு. நீ கத்தினது கேட்டுது. வெளியே தெரிஞ்சா எங்க அப்பா பள்ளிக்கூடமே போயிடும்னு பயந்துட்டேன்டா..." உள்ளே சார் அழுதார்.

ஐரினுக்கு ரத்தம் கொதித்தது. "தோண்டு!" என்று கத்தினாள். பவுல்சாமி மண்வெட்டிக்கு ஓடினான்.

அதற்குள் சுலோச்சனா வாசலிலிருந்து நேராக வந்து கதவைத் தள்ளினாள். சாரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வெறுந்தரையில் குனிந்து கை நீட்டினாள்.

"வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்."

எதையோ தூக்கி இடுப்பில் வைத்தாள். அங்கே ஒன்றுமே இல்லை. ஆனால் கனம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடந்து போனாள். அவள் தோளில், சேலை சின்னக் கை பிடித்த மாதிரி கசங்கியிருந்தது.