கலந்து வைத்த தீனி

மழை விட்ட அந்தச் சாயங்காலம், கொல்லைப்புறத்தில் தொங்கிய தீனித் தட்டின் பக்கம் ஒரு குருவிகூட வரவில்லை. வராமல் எங்கேயும் போய்விடவுமில்லை. மதில் நெடுகிலும் உட்கார்ந்திருந்தன, தட்டையே பார்த்தபடி, சத்தமே இல்லாமல். ஈரமண் வாசனையும் ஊறிய கம்பின் புளிப்பும் சமையலறை ஜன்னல் வழியாக ஏறி வர, அவன் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தெருவில் நாய் குரைத்தது. அப்போதும் ஒன்றும் எழும்பிப் பறக்கவில்லை.

அது நேற்று கலந்த தீனி. அதில் அவன் மகள் இருந்தாள்.

வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர். ஒரு நிமிஷம் ஒரு இடத்தில் இருக்கமாட்டாள் என்பதால் வந்த பெயர். நெஞ்சில் சளி கட்டி, இருமி இருமியே இறந்துபோனாள். சாம்பல் கைக்கு வந்தபோது அதை எங்கே விடுவது என்று தெரியாமல் அவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அவளுக்குக் குருவின்னா உசிரு. அதுங்களோடவே பறந்து போகட்டுமேங்க," என்றாள் மனைவி.

அவன் கோழித் தீவன ஆலையில் கலவை போடுகிறவன். முட்டை ஓடு கெட்டியாக இருக்க எலும்புத் தூள் கலப்பது தினமும் செய்கிற வேலை. அதே கைப்பழக்கத்தில், கட்டி தட்டாமல், சோளத்தோடும் கம்போடும் மகளைக் கலந்தான். கலந்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். வேறு எந்தத் தகப்பனுக்கும் இப்படித் தோன்றியிருக்காது.

குருவிகள் தொடவில்லை. இருட்டும் நேரத்தில் கீரி ஒன்று தட்டு தொங்கிய கம்பத்தில் ஏறி வந்தது.

தட்டில் உட்கார்ந்து அது தின்ற விதம்தான் அவனுக்குப் பிடிபடவில்லை. சோளத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் வரிசையாக வைத்தது. மற்றதைத் தின்று முடித்தது. கடைசியில்தான் சோளத்துக்கு வந்தது. வாலு அப்படித்தான் சாப்பிடுவாள். பிடித்ததைக் கடைசிக்கு வைத்துக்கொள்வாள். "ஆறிப்போகுதுடி" என்று அம்மா கத்தினாலும் கேட்கமாட்டாள்.

"பாத்தீங்களா?" மனைவி அவன் தோளைப் பிடித்தாள். இவ்வளவு நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவன் ஜன்னலை இழுத்துச் சாத்தினான்.

அடுத்தடுத்த நாட்களில் முள்ளெலிகள் வந்தன. பெருச்சாளிகள் வந்தன. ஒரு நரியும் வந்தது, இந்தப் பக்கம் நரி இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒன்றையொன்று கண்டால் பாய வேண்டியவை, தோளோடு தோள் உரசிக்கொண்டு சிந்தியதைத் தின்றன. ஒரு முள்ளெலி ஈரத் தரையில், வாலு நொண்டி ஆடுவது போலவே, ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு தத்தித் தத்திப் போனது. நரி தலையைத் தூக்கி வீட்டைப் பார்த்தது. இருமியது. இரண்டு குட்டி இருமல், அப்புறம் ஒரு நீள இழுப்பு.

அந்த இழுப்பு எப்போது முடியும், அடுத்த மூச்சு வருமா என்று கட்டிலோரம் உட்கார்ந்து காத்தவன் அவன். அந்தச் சத்தத்தை வேறு யாருடையதோ என்று நினைக்க அவனால் முடியாது.

அன்றைக்கே தட்டைக் கழற்றினான். மிச்சத் தீனியைக் குழி தோண்டிப் புதைத்தான்.

"என் பொண்ணைப் பட்டினி போடுறீங்களா?" மனைவி கேட்டாள்.

"அது அவ இல்லம்மா."

"பின்ன யாரு?"

அவன் குழி மண்ணை மிதித்து இறுக்கினான்.

மறுநாள் சாயங்காலம், விளக்குப் போடுவதற்கு முன்பே, பின்கதவை ஏதோ சுரண்டியது. பிறகு தட்டியது. கீழே. தாழ்ப்பாளுக்கு ரொம்பக் கீழே. வாலுவின் கை எட்டுகிற உயரத்தில்.

"அம்..." என்றது ஒரு வாய்.

"...மா," என்றது இன்னொன்று.

"திறக்காத!" அவன் குறுக்கே போய் நின்றான்.

"புள்ள குரல் உங்களுக்குத் தெரியலையா?"

தெரிந்தது. தெரிந்ததால்தான் பயம். மனைவி அவனைத் தள்ளினாள். தாழ்ப்பாள். சாவி. கதவு.

தீனி தின்றவை எல்லாம் நின்றிருந்தன. நனைந்து. ஒட்டிக்கொண்டு. மனைவி தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்தாள். அவை அவளைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தன. வார்த்தைக்கு ஒரு வாயாகத் திறந்தது.

"அப்பா."

"நான்."

"ஏன்."

"இத்தனை."

"இடத்துல."

"இருக்கேன்?"

கோபம் இல்லை அந்தக் குரலில். ராத்திரி கனவு கண்டு எழுந்து வந்து கேட்கிற குரல். பறக்கட்டும் என்றுதானே. பறக்கட்டும் என்றுதான் கலந்தேன், கண்ணு. அவன் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டான்.

பக்கத்து வீட்டுக் கூரையில் இருமல். சாக்கடைக்குள் இருமல். தூரத்தில், ஆலைப் பக்கம், இன்னும் ஒன்று.

"உள்ள வாடி தங்கம்," என்றாள் மனைவி. "எல்லாரும் வாங்க."

வந்தன. அவன் காலை உரசிக்கொண்டு, ஒவ்வொன்றாக. வழி தெரியும். சின்னக் கட்டிலில் ஏறின. நீளவாக்கில் இரண்டு. நடுவில் நரி, சுருண்டு. பக்கத்துக்கு ஒன்று. ஒண்டிக்கொண்டு, இடமே விடாமல். மனைவி போர்வையைப் போர்த்தினாள். போர்வை உயர்ந்தது, தாழ்ந்தது. ஒரே மூச்சு. குழந்தையின் உடம்பு. கழுத்து வரை.

தலையணை காலி.

"அழாதம்மா. மீதியும் வந்துடும்," என்று போர்வையைத் தட்டிக்கொடுத்தாள் மனைவி. "கதவைச் சாத்தாதீங்க."

அவன் சாத்தவில்லை. திறந்த கதவில் நின்றான். தெருமுனை திரும்பி, தலையணைக்கு உரியது இருமிக்கொண்டே வந்துகொண்டிருந்தது.